உலகக் கிண்ணத்தை வென்ற கொண்டையூசி

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில் நாகேந்திரத்தின் கடை இருந்தது. கடை என்றால் ஒரு மேசை, ஒரு மனிதர், மீதி இடமெல்லாம் பழைய றேடியோக்கள். வாசலில் தொங்கிய பலகையில் அவர் தன் கையாலேயே எழுதியிருந்தார்: "மற்றவர்கள் திருத்தியவை இங்கே திருத்தப்படும்."

அந்தப் பலகையில் ஓர் எழுத்தும் மிகையில்லை. தானாகப் பழுதான பெட்டியை அவர் தொடுவதில்லை; அதற்கு ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள் என்று திருப்பி அனுப்பிவிடுவார். "றேடியோ தன்ர பாட்டில சாகாது. திருத்தித்தான் சாக்கொல்லுறவங்கள்" என்பது அவருடைய சித்தாந்தம். அதற்கு அத்தாட்சிகளும் வைத்திருந்தார். பம்பலப்பிட்டியில் ஒரு பல் வைத்தியர் தன் றேடியோவின் வால்வுக் காலைத் தங்கத்தால் அடைத்திருந்தார். அதற்குப் பிறகு அந்தப் பெட்டி ஐஸ் தண்ணீர் குடித்தவன் போலக் கூசிக் கூசித்தான் பாடியது. இன்னொரு வீட்டில், தொலைக்காட்சிப் பெட்டிக்குள் கம்பி அறுந்த இடத்தில் ஓர் எலி குடியிருந்தது. அது வாலை வைத்தால் படம் வரும், எடுத்தால் போய்விடும். வீட்டுக்காரர் செய்தி முடியும் வரை எலிக்குப் பாண் துண்டு கொடுத்து அசையாமல் பார்த்துக்கொண்டார். நாகேந்திரம் அந்த எலியைக் கௌரவமாக ஓய்வுபெற வைத்துவிட்டுக் கம்பியை ஒட்டிக் கொடுத்தார். நம்பாதவர்களுக்கு எலியைக் காட்ட அவர் எப்போதும் தயார்; எலிதான் தயாராக இருக்கவில்லை.

அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. பெட்டியைக் கடைக்குக் கொண்டுபோக முன்னரே, வீட்டுக்காரரின் கண்முன்னால் பின்பலகையைக் கழற்றுவார். முந்தித் திருத்தியவர்கள் உள்ளே திணித்த சாமான்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, உயர்த்திப் பிடித்து, பெயர் சொல்லி, ஒரு துணிப்பைக்குள் போடுவார். செய்வினை எடுக்கிறவர் ஆணியையும் மயிரையும் எடுத்துக் காட்டுவது போல.

"முதல்ல அசுத்தம் வெளியில வரோணும். அதுக்குப் பிறகுதான் வைத்தியம்" என்பார்.

இந்த நல்ல வழக்கம்தான் ஒரு சனிக்கிழமை அவரை இராணுவத்திடம் கொண்டுபோய் விட்டது.

தொண்ணூற்றாறாம் ஆண்டு அது. நகரத்தின் நடுவில் பெரிய குண்டு வெடித்த புகை இன்னும் ஆட்களின் மூக்கில் இருந்தது. சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி. அதே மூச்சில் உலகக் கிண்ணக் கிரிக்கட்டும் நடந்துகொண்டிருந்தது. அன்றைக்கு இங்கிலாந்தோடு ஆட்டம். நாகேந்திரத்துக்குக் கிரிக்கட் தெரியாது. அவர் கொட்டாஞ்சேனைக்கு, றோஸியின் வீட்டுக்குப் போயிருந்தார்.

றோஸியின் தகப்பன் விட்டுப்போன வால்வு றேடியோ ஒன்று, ஆட்டுக்குட்டியை உள்ளே கட்டலாம் என்ற அளவில், அவளுடைய முன்னறையில் இருந்தது. தகப்பன் இருந்தவரை அது கோயில் மணி மாதிரிப் பேசியதாம். பிறகு அது றோஸியின் கணவர் முத்துலிங்கத்தின் கையில் அகப்பட்டது. முத்துலிங்கம் துறைமுகத்தில் கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்றவர். ஒரு சாமானைப் பார்த்தால் அதைத் திருத்தாமல் அவரால் இருக்க முடியாது. அது பழுதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை.

நாகேந்திரம் பின்பலகையைக் கழற்றிவிட்டுக் கையை உள்ளே விட்டார்.

"ஈயத்தாள்" என்று உயர்த்திக் காட்டினார். "பியூஸ் இருக்கவேண்டிய இடத்தில சிகரெட் பெட்டி ஈயத்தாள்."

"சிகரெட் விட்டாச்சு எண்டு சொன்னீங்க?" என்றாள் றோஸி புருஷனைப் பார்த்து.

"றேடியோவுக்காகத்தானப்பா பத்தினனான்."

"செருப்பு வார். வால்வை இறுக்கிக் கட்டியிருக்கு. தங்கூசி. மீன் பிடிக்கிற தங்கூசி நூலிலதான் ஸ்டேசன் முள்ளு ஓடுது. பழைய டோர்ச் பல்ப். மணிக்கூட்டுச் சுருள். மெழுகுதிரி."

"அந்தோனியாருக்கு நேர்ந்து வச்ச திரி அது!"

"காணாமற்போன சாமானைக் கண்டுபிடிச்சுத் தாறவர்தானே அந்தோனியார்" என்றார் முத்துலிங்கம். "எனக்கு ஸ்டேசன் காணாமற் போச்சு."

கடைசியாக, அலை மாற்றும் சுவிட்சின் அடியிலிருந்து நாகேந்திரம் ஒன்றை இழுத்தெடுத்தார். இரண்டு கால்களும் மேலே ஒரு சிறிய மயிலும் உள்ள வெள்ளிக் கொண்டையூசி. அதற்கு மட்டும் அவர் பெயர் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

றோஸி குரலைத் தாழ்த்தினாள். கொட்டாஞ்சேனையில் அது அபூர்வமான நிகழ்ச்சி.

"என்ட அம்மாட ஊசி" என்றாள். "இதைத் தூக்கினது உங்கட தங்கச்சி நேசமலர் எண்டு இத்தனை வருசமா நான் அவவோட கதைக்கிறதில்ல."

"கதைக்காமல் இருந்தது ரெண்டு பேருக்கும் நிம்மதியாத்தானே இருந்தது. வெள்ளி எண்டா மின்சாரத்துக்கு ராசபாட்டையப்பா. அதுதான்..."

றோஸி ஊசியைப் பிடுங்கி, சேலைத் தலைப்பில் துடைத்து, கொண்டையில் குத்திக்கொண்டாள். "இனி இது என்ட தலையை விட்டு இறங்காது. நீங்களும் மாஸ்டரோட போங்க. ஓட்டோவில பெட்டியைப் பிடிச்சுக்கொண்டு இருங்க. பிடிக்கிறது மட்டும். திருத்தக்கூடாது."

"இவ்வளவு நாளும் கரகரவெண்டாவது கதைச்சுக்கொண்டிருந்தது மாஸ்டர்" என்று முத்துலிங்கம் ஓட்டோவில் ஏறும்போது முறையிட்டார். "இப்ப அதுவும் இல்லை."

"கிடக்கட்டும் காணும். பிணத்தைக் கழுவிப்போட்டுத்தான் உயிர் குடுக்கிறது."

ஓட்டோக்கார இராமர் இதைக் கேட்டுவிட்டு, ஏற்றுவது என்ன சாமான் என்று திரும்பி ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

மருதானைக்குக் கிட்ட ஒரு சோதனைச் சாவடியில் மறித்தார்கள்.

எட்டிப் பார்த்த சிப்பாய்க்கு முதலில் தெரிந்தது, பின்பலகை சரியாக மூடாத பெரிய பெட்டியிலிருந்து நாலாபக்கமும் தொங்கிய கம்பிகள். பிறகு அவன் துணிப்பையைத் திறந்தான். ஈயத்தாள், சுருள், பல்ப், மெழுகு, தங்கூசி. சிப்பாய் பையை மெல்ல, பிள்ளையைக் கிடத்துவது போல நிலத்தில் வைத்துவிட்டு ஓடினான்.

வந்தவர் சார்ஜன் குணபால. கறுத்த, அகன்ற மனிதர். காலையிலிருந்தே முகத்தில் கடுப்பு. அதற்குக் காரணம் இருந்தது. சாவடி றேடியோவை முந்தைய கிழமை அவருடைய கோப்ரல் திருத்தியிருந்தான். பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் ஷிப்லி நானாவின் தொலைக்காட்சி இருந்தது. அதையும் கோப்ரல் திருத்தியிருந்தான். ஆகவே நாடு முழுவதும் ஆட்டம் கேட்டுக்கொண்டிருந்தபோது அந்தச் சந்தி மட்டும் செவிடாக இருந்தது.

"மொகக்த மே?" இது என்ன என்று கேட்டார் சார்ஜன்.

நாகேந்திரம் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் உண்மையைச் சொன்னார். "றேடியோ, மாத்தயா."

"அப்படியென்றால் பாட வையுங்கள்."

"இப்போது பாடாது."

"ஏன்?"

"நான்தான் பாடாமல் செய்தேன்."

"எதற்கு?"

"சரியாகப் பாட வைப்பதற்கு."

சார்ஜன் இதைச் சிங்களத்தில் யோசித்துப் பார்த்தார். அப்போதும் பிழையாகத்தான் வந்தது. இரண்டு அடையாள அட்டைகளையும் வாங்கிப் பார்த்தார். இரண்டிலும் பிறந்த இடம் யாழ்ப்பாணம்.

"பாடினால் இது றேடியோ, நீங்கள் வீட்டுக்குப் போகலாம். பாடாவிட்டால் இது வேறு சாமான், நீங்களும் வேறு ஆட்கள். பின்னேரம் பொலிஸ் ஜீப் வரும். அதுவரைக்கும் நேரம் தருகிறேன்."

ஜீப்பில் ஏறியவர்கள் எப்போது இறங்குவார்கள் என்பது ஜீப்புக்கே தெரியாத காலம் அது. முத்துலிங்கத்தின் முகம் பாண் மாவின் நிறத்துக்கு வந்தது. நாகேந்திரம் தன் சட்டைப் பையைத் தடவினார். ஒரு திருகாணிச் சாவி இருந்தது. ஈயம் ஒட்டும் கோல், புது வால்வு, நல்ல கம்பி எல்லாம் வெள்ளவத்தையில் இருந்தன. கையில் இருந்தது அந்தத் துணிப்பை ஒன்றுதான்.

"நம்மட கடைல பிளக் ஈக்கி" என்றார் ஷிப்லி நானா. "ஆனா மாஸ்டர், பத்திற வெடிக்கிற சாமான் எண்டா மொதல்ல செல்லிருங்கோ, பிளேன்டிக்குப் போட்ட பால்மாவ நான் உள்ளுக்கு வெக்கோணும்."

"பால் விடாத பிளேன்டிக்குப் பால்மா எதுக்கு நானா?" என்று கேட்டார் நாகேந்திரம்.

"பயத்தில வாய் கொழறுது."

பெட்டியைக் கடை மேசையில் ஏற்றினார்கள். நாகேந்திரம் பையை அவிழ்த்தார். வாழ்நாளெல்லாம் மற்றவர் வைத்ததை எடுத்த கை, முதன்முறையாக எடுத்ததைத் திரும்ப வைக்கப் போனது. எந்த இடம் என்று தெரிந்தது. எப்படி என்பதுதான் தெரியவில்லை. ஒழுங்காகப் படித்த மனிதர் ஒருவரின் மூளைக்கு அது எட்டாத வேலை.

"காணும்" என்றார், முத்துலிங்கத்தைப் பாராமல். "அந்த ஈயத்தாளை எப்பிடிச் சுத்தினீர்?"

முத்துலிங்கம், ஜீப் வரட்டும் என்பது போலக் கதிரையில் சாய்ந்து, ஒரு வாய் தேத்தண்ணி குடித்தார்.

"அசுத்தம் எண்டு சொன்ன ஞாபகம்."

"சொன்னனான்."

"பிணம் எண்டும்..."

"அதையும் சொன்னனான். இப்ப சொல்லுமன் ஐசே!"

"வலமிருந்து இடம். அப்பிடியில்லை மாஸ்டர், நீங்கள் வடிவாச் சுத்திறியள். வடிவாச் சுத்தினால் பிடிக்காது. கொஞ்சம் கோவத்தோட சுத்தவேணும்."

கோபத்துக்கு அந்த நேரம் குறைவிருக்கவில்லை. ஈயத்தாள் பிடித்தது. செருப்பு வார் வால்வை இறுக்கியது. தங்கூசி முள்ளை இழுத்தது. மணிக்கூட்டுச் சுருள் எதற்கு என்று நாகேந்திரம் கேட்டதற்கு, "அது எனக்கும் தெரியாது, ஆனா எடுத்தால் நிண்டுபோகும்" என்றார் முத்துலிங்கம். மெழுகைக் கோப்ரலே நெருப்புக்குச்சியால் உருக்கி ஊற்றினான். அவன் முத்துலிங்கத்தின் பக்கத்தில் வந்து நின்று, ஒவ்வொரு படியையும் பார்த்து, குருவைக் கண்டவன் போலத் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

அந்த நேரம் எங்கோ படபடவென்று வெடித்தது. சாவடி முழுக்க நிலத்தில் படுத்தது. ஷிப்லி நானா மேசைக்கடியில். பிறகு தெமட்டகொடைப் பக்கம், அதற்குப் பிறகு மட்டக்குளிப் பக்கம், கூச்சலும் சிரிப்பும் கேட்டன. பட்டாசு. இங்கிலாந்தின் விக்கட் ஒன்று விழுந்திருக்க வேண்டும். யாருடையது என்று தெரியாமல் சார்ஜன் நிலத்தில் படுத்தபடியே கையால் தரையைக் குத்தினார்.

பிளக்கைச் செருகினார்கள். வால்வுகள் சிவந்தன. ஊளை மாதிரி ஓர் இரைச்சல் வந்தது. அவ்வளவுதான். முள்ளை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஓட்டியும் ஒரு மனிதக் குரல் இல்லை.

"ஊசி" என்றார் முத்துலிங்கம் மெதுவாக.

அலை மாற்றும் சுவிட்சுக்குள் இருந்த பல்லுகள் எப்போதோ உடைந்துவிட்டன. அந்த இடத்தைத்தான் கொண்டையூசியின் இரண்டு கால்களும் நிரப்பிக்கொண்டிருந்தன. நாகேந்திரம் ஆணி வைத்துப் பார்த்தார். தேத்தண்ணி வடியின் கம்பியை வளைத்துப் பார்த்தார். சார்ஜன் தன் தொப்பிச் சின்னத்தைக் கழற்றி, அரசாங்கத்தின் ஊசியையே கொடுத்தார். ஒன்றும் சரிவரவில்லை. நாகேந்திரம் பிறகு விளக்கியபடி, அந்தப் பித்தளைப் பிடிகள் இத்தனை வருடம் ஒரே ஊசியோடு குடும்பம் நடத்திவிட்டன. வேறு ஊசியைப் பார்க்க அவற்றுக்கு மனம் வரவில்லை.

"எங்கே அந்த ஊசி?" என்று கேட்டார் சார்ஜன்.

"என் மனைவியின் தலையில்."

"தலை எங்கே?"

"கொட்டாஞ்சேனையில்."

இராமரின் ஓட்டோவில் கோப்ரலை ஏற்றி அனுப்பினார்கள். ஊசியை வாங்கிவரச் சொல்லித்தான் அனுப்பியது. திரும்பி வந்தபோது ஊசி வந்தது. ஊசிக்குக் கீழே றோஸியும் வந்தாள். கோப்ரல் ஓட்டோவின் ஓர் ஓரத்தில் ஒடுங்கியிருந்தான். வழியெல்லாம் அவனுக்குப் போதிய அளவு விளங்கப்படுத்தப்பட்டிருந்தது தெரிந்தது.

"புத்தா" என்றாள் றோஸி, சார்ஜனை மகனே என்று சிங்களத்தில் அழைத்து. "இந்த மனுசனைப் பிடித்து வைத்திருந்தால் எனக்குப் பெரிய ஆட்சேபணை இல்லை. றேடியோ என் அப்பாவுடையது. அதைத் தா. ஊசி என் அம்மாவுடையது. அதைக் கேட்காதே."

"அம்மே, ஊசி இல்லாவிட்டால் றேடியோ பாடாது. பாடாவிட்டால் என்னால் இவர்களை விட முடியாது."

"ஒரு தடவை இந்தப் பெட்டிக்குள் போனது. திரும்பி வர இத்தனை வருசம் எடுத்தது. இனிக் கழற்ற மாட்டேன்."

முத்துலிங்கம் எழுந்தார். பகிடி விடுகிற முகம் இல்லை அது.

"றோஸி" என்றார். "அங்க பார்."

சந்தியின் அந்தக் கரையில் ஜீப் திரும்பிக்கொண்டிருந்தது. பின்பக்கத்தில் ஏற்கெனவே இரண்டு மூன்று பேர் தலையைக் குனிந்தபடி இருந்தார்கள்.

றோஸி ஜீப்பைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். பிறகு கையைப் பின்னால் கொண்டுபோய் ஊசியை உருவினாள். நரைத்த கூந்தல் முதுகில் சரிந்து விழுந்தது. ஊசியை அவள் நீட்டியது நாகேந்திரத்திடம்.

நாகேந்திரம் அதை வாங்கினார். ஒரு கணம் உள்ளங்கையில் வைத்திருந்தார். பிறகு, அவருடைய கடைப் பலகை கேட்டிருந்தால் கழன்று விழுந்திருக்கும்படியான ஒன்றைச் சொன்னார்.

"இந்தாரும். நீரே வையும்."

முத்துலிங்கம் ஊசியைத் தலைமயிரில் ஒரு தரம் தேய்த்தார், நாக்கைக் கடித்துக்கொண்டு உள்ளே விட்டார், காதைப் பெட்டியோடு வைத்து ஒரு சொட்டு இடப்பக்கம் திருப்பினார், பிறகு மேலே ஓங்கி ஓர் அடி அடித்தார்.

"...ஹயே பஹரக்!" என்று கத்தியது றேடியோ.

எங்கள் ஆட்கள் துடுப்பெடுத்தாடத் தொடங்கியிருந்தார்கள், ஆறு ஓட்டம். சார்ஜன் குணபால தரையிலிருந்து எழும்பியதைக் கண்டவர்கள், அவர் கூரைத் தகரத்தில் தலையை இடித்ததாகச் சொல்கிறார்கள். தகரத்தில் பள்ளம் இருந்ததை நாகேந்திரம் தன் கண்ணால் பார்த்தார். ஜீப்பிலிருந்து இறங்கிய இன்ஸ்பெக்டர், "எங்கே அந்த இரண்டு பேரும்?" என்று கேட்க வாயைத் திறந்தார். அடுத்த ஆறு விழுந்தது. திறந்த வாயால் அவர் கேட்டது, "ஸ்கோர் எவ்வளவு?" என்பதுதான்.

ஜீப்பின் பின்னால் இருந்தவர்களையும் இறக்கிக் கொண்டுவந்து கடை வாங்குப் பலகையில் இருத்தினார்கள். வெற்றி ஓட்டம் அடித்தபோது இன்ஸ்பெக்டர் அவர்களில் ஒருவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். கட்டிப்பிடித்த ஆளைத் திரும்ப ஜீப்பில் ஏற்றுவதற்குச் சட்டத்தில் இடம் உண்டா என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எல்லோரையும் போகச் சொன்னார்.

"சரி, பாடினதுதானே" என்று நாகேந்திரம் பின்பலகைக்குள் கையை விட்டார். "ஊசியை எடுத்து அக்காவிட்டைக் குடுத்திட்டு..."

சார்ஜன் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தார்.

"மாத்தயா, கிண்ணம் முடியும் வரை இதில் யாரும் கை வைக்கக் கூடாது. ஒரு கம்பிகூட அசையக் கூடாது. இது இப்படியே இருந்ததால்தான் வென்றோம்."

"அப்போது என் ஊசி?" என்றாள் றோஸி.

சார்ஜன் காலை அடித்து ஒரு சல்யூட் வைத்தார். "நாட்டுக்காக, அம்மே."

அப்படியாக அந்த றேடியோ ஷிப்லி நானாவின் கடையிலேயே, துப்பாக்கி பிடித்த ஒருவனின் காவலில் இருந்தது. ஜனாதிபதி மாளிகைக்கு அடுத்தபடியாக அந்த நாட்களில் கொழும்பில் இறுக்கமான காவல் அதற்குத்தான் என்பார்கள். காவல் எதிரியிடமிருந்து அல்ல, நாகேந்திரத்திடமிருந்து. அரையிறுதிக்கும் இறுதிக்கும் சாவடியிலிருந்தே ஆள் அனுப்பி மூவரையும் அழைத்துவந்தார்கள். அதே கதிரைகள், றோஸிக்கு அதே அவிழ்ந்த கூந்தல். அவள் முடியப் போனபோது ஒரு சிப்பாய் கையெடுத்துக் கும்பிட்டுத் தடுத்தான். இலங்கை கிண்ணத்தை வென்ற கதை எல்லோருக்கும் தெரியும். எதனால் வென்றது என்பது அந்தச் சந்தியில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

பட்டாசுக் குப்பை கூட்டி முடிந்த பிறகு நாகேந்திரம் பெட்டியை வெள்ளவத்தைக்குக் கொண்டுபோனார். அசுத்தம் முழுவதையும் எடுத்தார். புதுச் சுவிட்ச், புது நூல், ஒழுங்கான பியூஸ். றேடியோ தொழிற்சாலையை விட்டு வந்த அன்றைக்குப் போலப் பேசியது. றேடியோ றோஸியின் முன்னறைக்கும் ஊசி அவளுடைய தலைக்கும் போயின. அவள் நேசமலரை வீட்டுக்குக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டாள். அன்று தொடக்கம் இருவரும் நாள்தோறும் கதைத்துக்கொண்டார்கள், பெரும்பாலும் முத்துலிங்கத்தைப் பற்றி.

பிறகு அடுத்த கிண்ணம் வந்தது. இலங்கை முதற் சுற்றோடு பெட்டி கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தது.

மறுநாள் காலை வெள்ளவத்தைக் கடை வாசலில் சார்ஜன் குணபால நின்றார். சீருடை இல்லை, ஒரு கையில் குடை. பலகையை நிமிர்ந்து பார்த்தார். தமிழ் வாசிக்கத் தெரியாதது நல்லதாய்ப் போயிற்று.

"அங்கிள்" என்றார். "அந்த றேடியோவை நீங்கள் திருத்தினீர்களா?"

"திருத்தினேன்."

"முழுதாகவா?"

"முழுதாக."

சார்ஜன் முக்காலியில் அமர்ந்து, "அதனால்தான் தோற்றோம்" என்றார். தன் வாழ்நாளில் நாகேந்திரம் யாரிடமும் சொல்லாத ஒன்று அப்போது அவர் வாயில் வந்தது.

"பிழைதான் மாத்தயா. வாருங்கள், பழுதாக்குவோம்."

இருவரும் ஓட்டோ பிடித்துக் கொட்டாஞ்சேனைக்குப் போனார்கள். முத்துலிங்கம் எப்படி மோப்பம் பிடித்தாரோ, பின்பலகையை ஏற்கெனவே கழற்றி வைத்துவிட்டு, பற்றவைக்காத சிகரெட்டோடு காத்திருந்தார். றோஸி குசினிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். வாசலில் சார்ஜனைக் கண்டதும் கரண்டியைப் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் கொண்டையைப் பொத்திக்கொண்டாள்.